'பயப்படாதே' 365 தடவையா? வேதாகமத்தின் சொல் கணக்கும் கால அளவுகளும்

என்னிடம் வந்த கேள்வி இது: "வேதாகமத்தில் 'பயப்படாதே' என்ற வார்த்தை நாளுக்கு ஒன்று வீதம் 365 தடவை வருகிறது என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். உண்மையா? அதே மாதிரி 40 நாள், 70 வருஷம், 1,000 வருஷம் என்று திரும்பத் திரும்ப வருகிறதே, அவை எத்தனை இடத்தில் வருகின்றன? அவற்றைக் காலண்டர் கணக்காகவே எடுத்துக்கொள்ளலாமா?"

முதல் பாதிக்குப் பதில் சின்னது. 365 தடவை வரவில்லை. அந்தக் கட்டளை நேரடியாக வரும் இடங்களை எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் திரட்டினால் எண்ணிக்கை நூறைச் சுற்றித்தான் நிற்கும். "கலங்காதே", "திகையாதே", "பொல்லாப்புக்குப் பயப்படேன்" போன்ற உறவுக்கார வாக்கியங்களை எல்லாம் இழுத்துச் சேர்த்தால் தொகை ஏறும். ஆனால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று எண்ணுகிறவரே முடிவு செய்துகொண்டால் 365 என்ன, 400கூட வரும்.

தமிழில் தேடினால் இந்தச் சிக்கல் இன்னும் நன்றாகத் தெரியும். 1871ல் போவர் தலைமையிலான குழு முடித்த பழைய மொழிபெயர்ப்பைத்தான் புராட்டஸ்டண்ட் சபைகள் பெரும்பாலும் வாசிக்கின்றன. அதில் ஒரே கட்டளை பயப்படாதே, பயப்படாதேயுங்கள், பயப்படாதிருங்கள், பயப்படவேண்டாம் என்று பல உருவில் வரும். செயலியில் "பயப்படாதே" என்று தட்டினால் அந்த உருவங்களில் சில மாட்டும், சில நழுவும். 1995ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் தேடினால் கணக்கே மாறிவிடும், அங்கே "அஞ்சாதே" என்று இருக்கும். ஏசாயா 41:10 இரண்டிலும் ஒரே வசனம்தான். தேடல் பெட்டிக்கு மட்டும் அது வேறு வேறு.

அப்புறம், அந்த நூற்றுச் சொச்சம் இடங்களும் ஆறுதல் வசனங்களா என்று பாருங்கள். நியாயாதிபதிகள் 4ல் தோற்று ஓடிவந்த சிசெராவைக் கூடாரத்துக்குள் அழைக்கும் யாகேல், பயப்படவேண்டாம் என்றுதான் சொல்கிறாள். அவன் தூங்கியதும் நெற்றிப்பொட்டில் கூடார ஆணியை அடித்து இறக்குகிறாள். 2 சாமுவேல் 13ல் அப்சலோம் தன் வேலைக்காரர்களைப் பார்த்து "பயப்படாதிருங்கள்" என்கிறான். அம்னோனைக் கொல்லச் சொல்லும்போது கொடுத்த தைரியம் அது. எண்ணிக்கை வேண்டும் என்றால் இவையும் அதில் சேரும். காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் யாகேலின் வசனத்தை எந்தத் தேதிக்கு வைத்திருக்கிறார்களோ தெரியவில்லை.

365 என்ற எண்ணையே தேடுகிறவர்களுக்கு ஆதியாகமம் 5:23ஐக் காட்டலாம். ஏனோக்கு பூமியில் இருந்த நாட்கள் 365 வருஷம். சுற்றிலும் எல்லோரும் 900, 950 என்று வாழும் அட்டவணையில் அவன் ஒருவனுக்கு மட்டும் சூரிய வருஷத்தின் நாள் கணக்கு வயதாக வருகிறது. ஜலப்பிரளயக் கதையிலும் இது ஒளிந்திருக்கிறது. நோவாவின் 600ம் வயதில் இரண்டாம் மாதம் 17ம் தேதி தொடங்கிய வெள்ளம், மறுவருஷம் இரண்டாம் மாதம் 27ம் தேதி முழுவதும் காய்ந்தது. சந்திர வருஷம் 354 நாள், அதோடு 11 நாள், ஆக 365. விளக்கவுரைக்காரர்கள் வெகுகாலமாகச் சுட்டிக்காட்டும் கணக்கு இது. "பயப்படாதே" கதையைவிட எனக்கு இதுதான் சுவாரசியமாகப் படுகிறது.

இதே வகையில் சுற்றும் இன்னொரு செய்தியையும் இங்கேயே முடித்துவிடலாம். வேதாகமத்தின் நடு அதிகாரம் சங்கீதம் 118, அதற்கு முன்னால் 594 அதிகாரம், பின்னால் 594, இரண்டையும் கூட்டினால் 1188, ஆகவே நடு வசனம் 118:8 என்பது அந்தச் செய்தி. கூட்டிப் பாருங்கள். 66 புத்தகங்களில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஆதியாகமம் முதல் யோபு வரை 478. நடுவில் நிற்பது 595வது அதிகாரம். 595ல் 478ஐக் கழித்தால் 117. ஆக நடு அதிகாரம் சங்கீதம் 117, வேதாகமத்திலேயே மிகச் சிறிய அதிகாரம், இரண்டே வசனம். 594ம் 594ம் சரிதான், ஆனால் அவை 117க்கு இருபுறமும் நிற்பவை. வசனத்துக்கு வந்தால், ஆங்கில ஜேம்ஸ் அரசர் பதிப்பின் கணக்குப்படி மொத்தம் 31,102. இரட்டை எண் என்பதால் தனியாக ஒரு நடு வசனம் இருக்கவே முடியாது. சங்கீதம் 103ன் முதல் இரண்டு வசனங்கள் நடுவைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இதிலும் இன்னொரு சங்கதி உண்டு. அதிகாரப் பிரிவு 13ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் செய்தது. புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய வசன எண்களைப் போட்டவர் ரோபேர் எத்தியேன் என்ற பிரெஞ்சு அச்சுக்காரர், வருஷம் 1551. எழுதியவர்களுக்குத் தெரியாத எண்களில் அவர்கள் ரகசியம் வைத்திருக்க வாய்ப்பில்லை. கத்தோலிக்கர்களின் 73 புத்தகத் தொகுப்பை எடுத்தால் நடுவும் நகர்ந்துவிடும்.

எண்ணுவது ஒன்றும் இன்றைய விளையாட்டு அல்ல. யூத வேதபாரகர்களுக்கு "சோபெரிம்" (எண்ணுகிறவர்கள்) என்ற பெயர் வந்ததே அவர்கள் தோராவின், அதாவது மோசேயின் ஐந்து புத்தகங்களின், எழுத்துகளை எல்லாம் எண்ணியதால்தான் என்று யூத ரபிகளின் விவாதத் தொகுப்பான தால்முத் சொல்கிறது. லேவியராகமம் 11:42ல் வரும் ஒரு வாவ் என்ற எபிரெய எழுத்துதான் தோராவின் நடு எழுத்து என்று அங்கே ஒரு மரபு பதிவாகியிருக்கிறது. இன்றைக்கும் தோராச் சுருள்களில் அந்த எழுத்தைப் பெரிதாக எழுதுகிறார்கள். அந்த வாவ் முன்பாதியில் சேர்ந்ததா பின்பாதியில் சேர்ந்ததா என்று தால்முத்தில் ராவ் யோசேப் என்ற ரபி கேட்கிறார். ஒரு சுருளைக் கொண்டுவந்து எண்ணிப் பார்த்துவிடலாமே என்றால், பழையவர்களுக்கு எழுத்துக் கூட்டும் முறை துல்லியமாகத் தெரியும், நமக்குத் தெரியாது என்று வருகிறது பதில். இன்றைய சுருள்களில் 304,805 எழுத்துகள். கணினியில் எண்ணினால் நடு எழுத்து லேவியராகமம் 8ம் அதிகாரத்திலேயே வந்துவிடுகிறது, பெரிய வாவுக்கு வெகு முன்னாலேயே. பெரிய வாவை யாரும் இடம் மாற்றவில்லை.

கிறிஸ்தவர்கள் பக்கம், 1230களில் பாரிஸ் நகரத்து டொமினிக்கன் துறவிகள் ஹியூ என்பவர் தலைமையில் லத்தீன் வேதாகமத்துக்கு முதல் சொல்லடைவை (கன்கார்டன்ஸ், எந்தச் சொல் எந்தெந்த இடத்தில் வருகிறது என்ற பட்டியல்) தொகுத்தார்கள். லண்டனில் அலெக்சாண்டர் க்ரூடன் தனி ஆளாக ஆங்கிலத்துக்குச் செய்து 1737ல் வெளியிட்டார். 1890ல் ஜேம்ஸ் ஸ்ட்ராங்கின் கன்கார்டன்ஸ் வந்தது. எபிரெயச் சொற்களுக்கு 8,674 வரையிலும் கிரேக்கச் சொற்களுக்கு 5,624 வரையிலும் அவர் போட்ட எண்களைத்தான் இன்று உங்கள் கைப்பேசிச் செயலிகளும் பயன்படுத்துகின்றன. எந்த எண்ணிக்கையையும் சரிபார்க்க வேண்டுமானால் தமிழ்ச் சொல்லைத் தேடாமல் அந்த ஸ்ட்ராங் எண்ணைத் தேடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

சரி, எண்ணிக்கையால் பயனே இல்லையா? இருக்கிறது, ஆனால் முழு வேதாகமத்துக்கும் ஒரு மொத்தத் தொகை போடுவதில் அல்ல. ஆயிரம் வருஷ இடைவெளியில், மூன்று மொழிகளில், பலர் எழுதிய புத்தகங்களைக் கூட்டி வரும் தொகைக்கு அர்த்தம் குறைவு. ஒரே புத்தகத்துக்குள் எண்ணினால் எழுதியவரின் கை தெரியும்.

பிரசங்கியை எடுங்கள். மொத்தம் 12 அதிகாரம், 222 வசனம். அதற்குள் நாம் "மாயை" என்று வாசிக்கும் எபிரெயச் சொல் 38 தடவை, "சூரியனுக்குக் கீழே" என்ற தொடர் 29 தடவை வருகின்றன. பழைய ஏற்பாட்டில் வேறு எந்தப் புத்தகத்திலும் "சூரியனுக்குக் கீழே" இல்லை. இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டே அந்தப் புத்தகத்தின் குரலை அடையாளம் கண்டுவிடலாம். மாற்கு தன் 16 அதிகாரத்துக்குள் "உடனே" என்று சுமார் 40 தடவை சொல்கிறார். கைப்பிரதிக்குக் கைப்பிரதி ஒன்றிரண்டு கூடும், குறையும். மூச்சுவிடாமல் ஓடும் நடை அது. யோவானில் மட்டும் இயேசு "மெய்யாகவே மெய்யாகவே" என்று இரட்டித்துச் சொல்கிறார், 25 தடவை. மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் ஒற்றைதான். பாட்டுக்கான குறிப்பு என்று கருதப்படும் "சேலா" சங்கீதங்களில் 71, ஆபகூக்கில் 3. ஆபகூக்கின் மூன்றாம் அதிகாரம் பாட்டாகப் பாடப்பட்டது என்பதற்கு அந்த மூன்றே சாட்சி. 136ம் சங்கீதத்தின் 26 வசனத்திலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" வருகிறது. ஒருவர் பாட, சபை எடுத்துப் பாடும் அமைப்பு கண்ணுக்கே தெரிகிறது. ஆதியாகமம் 5ல் எட்டுப் பேருக்கு "மரித்தான்" என்று முடிகிறது, ஏனோக்குக்கு மட்டும் அந்தச் சொல் இல்லை. அங்கே செய்தியே அந்த இல்லாமைதான்.

கர்த்தருடைய நாமம் எபிரெயத்தில் 6,800 தடவைக்கு மேல் வருகிறது. எபிரெய எஸ்தரிலோ அந்த நாமமும் இல்லை, தேவன் என்ற சொல்லும் இல்லை. இதை வைத்து எஸ்தரை ஓரங்கட்டப் பார்த்தவர்களும் உண்டு, வேண்டுமென்றே மறைத்து எழுதிய கலை என்று கொண்டாடுகிறவர்களும் உண்டு. செப்துவஜிந்து என்ற பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் எஸ்தருக்குக் கூடுதல் பகுதிகள் இருக்கின்றன. அவற்றில் ஜெபம், தேவ நாமம் எல்லாம் தாராளமாக வருகின்றன. அந்தக் காலத்து வாசகர்களுக்கே அந்த வெற்றிடம் உறுத்தியிருக்கிறது என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

இனி கால அளவுகள். இங்கேதான் விஷயம் கனமானது, அதிலும் நாற்பது.

நாற்பது என்ற எண் வேதாகமத்தில் தோராயமாக 150 இடங்களில் வருகிறது. காலத்தைக் குறிக்கும் இடங்களை மட்டும் பார்ப்போம். மழை பெய்தது 40 நாள். மோசே மலைமேல் இருந்தது 40 நாள், கன்றுக்குட்டி விவகாரத்துக்குப் பின் மறுபடி 40 நாள். கானானை வேவு பார்த்தது 40 நாள். அதற்குத் தண்டனையாக ஒரு நாளுக்கு ஒரு வருஷம் என்று வனாந்தரத்தில் 40 வருஷம். கோலியாத் காலையும் மாலையும் வந்து சவால் விட்டது 40 நாள். எலியா ஓரேபுக்கு நடந்தது 40 நாள். இயேசு வனாந்தரத்தில் 40 நாள், உயிர்த்தெழுந்து பரமேறும்வரை 40 நாள். ஈசாக்குக்கும் ஏசாவுக்கும் 40 வயதில் கல்யாணம். ஆண் குழந்தை பெற்றவளின் சுத்திகரிப்பு 7ம் 33ம் சேர்ந்து 40 நாள். தாவீதின் ஆட்சியும் அதே கூட்டல்தான்: எப்ரோனில் 7 வருஷமும் சில மாதமும், எருசலேமில் 33, ஆக 40.

நியாயாதிபதிகள் புத்தகத்துக்கு வந்தால் இது இன்னும் அப்பட்டம். ஒத்னியேலுக்குப் பின் தேசம் 40 வருஷம் அமைதி. ஏகூத்துக்குப் பின் 80. தெபோராளுக்குப் பின் 40. கிதியோன் நாளில் 40. பெலிஸ்தர் ஒடுக்கியது 40. சிம்சோன் 20. ஏலி 40, செப்துவஜிந்தில் ஏலிக்கு 20தான். எல்லாம் ஒரு தலைமுறை, இரு தலைமுறை, அரைத் தலைமுறை. வனாந்தரத்து 40க்கும் எண்ணாகமம் 14 தரும் காரணம் அதுதான்: இருபது வயதுக்கு மேற்பட்ட தலைமுறை அழிந்து தீரும் காலம்.

இதைக் காலண்டராகக் கூட்டினால் என்ன ஆகும்? 1 இராஜாக்கள் 6:1ன்படி, எகிப்திலிருந்து புறப்பட்ட 480ம் வருஷத்தில், சாலொமோனின் நாலாம் வருஷம், ஆலயக் கட்டுமானம் தொடங்கியது. நியாயாதிபதிகளில் வரும் வருஷங்களை வரிசையாகக் கூட்டினால் அது மட்டுமே 410. அதோடு வனாந்தரம் 40, ஏலி 40, தாவீது 40, சாலொமோனின் 4. ஆக 534. யோசுவா, சாமுவேல், சவுல் ஆகியோரின் காலத்தை இன்னும் சேர்க்கவே இல்லை. 480க்குள் இது அடங்காது. சில நியாயாதிபதிகள் வெவ்வேறு பகுதிகளில் ஒரே காலத்தில் இருந்திருக்கலாம் என்று பலர் விளக்குகிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் 480 என்பது 12 பெருக்கல் 40 என்பதையும் பார்க்க வேண்டும். பன்னிரண்டு தலைமுறை என்று சொல்வதற்கான எண் அது என்பதே என் முடிவு. கிரேக்கப் பிரதியில் அதே வசனத்தில் 440 இருக்கிறது. 11 பெருக்கல் 40. எண் மாறினாலும் அலகு மாறவில்லை.

இஸ்ரவேலுக்கு வெளியிலும் இதற்கு ஒரு கல்சாட்சி இருக்கிறது. மோவாபின் அரசன் மேசா பொறித்த கல்வெட்டு 1868ல் யோர்தானுக்குக் கிழக்கே தீபோனில் கிடைத்தது. இப்போது பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உம்ரி மேதெபாவைப் பிடித்து, தன் நாளெல்லாமும் தன் மகன் நாளில் பாதியும் ஆக 40 வருஷம் அங்கே இருந்தான் என்கிறது அது. 1 இராஜாக்களில் உம்ரிக்கு 12 வருஷம், மகன் ஆகாபுக்கு 22. பன்னிரண்டும் பதினொன்றும் சேர்ந்தால் 23தான். மேசா பொய் சொல்லவில்லை, "ஒரு தலைமுறைக் காலம்" என்று சொல்கிறான். கி.மு. 9ம் நூற்றாண்டில் அந்தப் பக்கத்து ஜனங்கள் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள்.

அதற்காக வேதாகமத்தில் எல்லா எண்ணும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். ராஜ்யம் இரண்டாகப் பிரிந்த பிறகு ஆண்டவர்களின் வருஷங்களைப் பாருங்கள்: ரெகொபெயாம் 17, அபியாம் 3, ஆசா 41, பாஷா 24, சிம்ரி ஏழே நாள். இவை அரண்மனைப் பதிவேட்டிலிருந்து எடுத்த எண்கள். அந்தப் பதிவேடுகளை இராஜாக்களின் புத்தகமே அடிக்கடி பெயர் சொல்லிக் குறிக்கிறது. 40, 40, 40 என்று ஓடிக்கொண்டிருந்த எண்கள் சட்டென்று கரடுமுரடாகும் இடத்தில் ஆதாரம் மாறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

பிரதி எடுக்கும்போது எண்கள் கெட்டுப்போனதும் உண்டு. 2 சாமுவேல் 15:7ல் "நாற்பது வருஷம் சென்றபின்பு" அப்சலோம் எப்ரோனுக்குப் போக அனுமதி கேட்கிறான். தாவீது ஆண்டதே மொத்தம் 40 வருஷம்தான்; அப்சலோம் பிறந்தது எப்ரோனில், தாவீது ராஜாவான பிறகு. எப்படிப் பொருந்தும்? சீரியப் பிரதியிலும் சில கிரேக்கப் பிரதிகளிலும் "நாலு வருஷம்" என்று இருக்கிறது. கதைக்கும் அதுவே பொருந்துகிறது. யோனா 3:4ல் நினிவேக்கு 40 நாள் கெடு என்று நாம் வாசிக்கிறோம், செப்துவஜிந்தில் அது மூன்றே நாள். மெத்தூசலாவின் 969 வருஷத்தை எபிரெயக் கணக்கில் கூட்டினால் (187, 182, 600) அவன் பிரளய வருஷத்திலேயே மரிக்கிறான். செப்துவஜிந்தின் பல பிரதிகளில் முதல் எண் 167, அடுத்தது 188. அப்படிக் கூட்டினால் பேழையில் ஏறாத மெத்தூசலா பிரளயத்துக்குப் பிறகும் 14 வருஷம் இருக்கிறான். எங்கே இருந்தான் என்பது ஐந்தாம் நூற்றாண்டுச் சபைப் போதகர் அகஸ்டின் காலத்திலேயே விவாதம்.

நம் சபை வாழ்க்கையில் நாற்பது எப்படி எண்ணப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லெந்து நாட்கள், கத்தோலிக்கர் சொல்லும் தவக்காலம், 40 நாள் என்கிறோம். சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின சனி வரை எண்ணினால் 46 வரும். ஆறு ஞாயிறும் கணக்கில் இல்லை. பரமேறுதல் பண்டிகை வியாழக்கிழமை வருவதற்குக் காரணம், ஈஸ்டர் ஞாயிறையே முதல் நாளாக வைத்து 40 எண்ணுவது.

தொடங்கும் நாளையும் சேர்த்து எண்ணும் இந்த முறை தெரியாமல்தான் "மூன்று நாள்" பற்றிய சண்டை நடக்கிறது. வெள்ளி சாயங்காலம் அடக்கம், ஞாயிறு விடியலில் கல்லறை காலி. மத்தேயு 12:40 சொல்லும் "இரவும் பகலும் மூன்று நாள்" இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டு, சிலுவைப்பாட்டைப் புதன்கிழமைக்கே தள்ளுகிறவர்கள் உண்டு. எஸ்தரைத் திறந்தால் போதும். 4:16ல் எஸ்தர், மூன்று நாள் இரவும் பகலும் உபவாசம் இருங்கள் என்கிறாள். 5:1ல் "மூன்றாம் நாளிலே" ராஜாவின் முன் போய் நிற்கிறாள். நாளின் ஒரு துண்டும் ஒரு நாள்தான். மறுரூப மலைக்குப் போனதை மத்தேயுவும் மாற்கும் "ஆறு நாளைக்குப் பின்பு" என்கிறார்கள், லூக்கா "ஏறக்குறைய எட்டு நாள்" என்கிறார். இரு முனை நாட்களையும் சேர்த்தால் எட்டு, விட்டால் ஆறு. நமக்கு இது புதிதா என்ன? அடுத்த வாரம் இதே கிழமையை "இன்றைக்கு எட்டாம் நாள்" என்றுதானே ஊரில் சொல்வார்கள்.

எழுபது வருஷத்துக்கு வருவோம். எரேமியா 25ல் இரண்டு தடவை, 29ல் ஒரு தடவை. அதை நினைத்துப் பார்க்கும் தானியேல் 9:2, சகரியா 1:12, 7:5, 2 நாளாகமம் 36:21. தீரு நகரத்துக்கும் ஏசாயா 23ல் 70 வருஷம். மனுஷ ஆயுசும் 90ம் சங்கீதத்தில் 70 வருஷம். எரேமியாவின் 70ஐ எங்கிருந்து எங்கே எண்ணுவது? எருசலேம் விழுந்த கி.மு. 586 முதல் ஆலயம் மறுபடி முடிந்த 516 வரை சரியாக 70. அசீரியாவின் கடைசி அரண் சரிந்த 609 முதல் பாபிலோன் விழுந்த 539 வரையும் 70. எரேமியா 29:10 "பாபிலோனிலே எழுபதுவருஷம்" என்று சொல்வதற்கு இதுவே நெருக்கம். ஆனால் கி.மு. 519லேயே சகரியாவில் தூதன் "இந்த எழுபது வருஷம்" என்கிறான், 518லும் அதே எண்தான் பேசப்படுகிறது. எண்ணிக்கொண்டு இருந்தவர்களுக்கே அது ஒரு ஆயுட்காலம் என்ற அளவு.

அசீரியாவில் இதற்கு ஒரு அருமையான இணை உண்டு. கி.மு. 689ல் சனகெரிப் பாபிலோனை அழித்தான். அவன் மகன் எசரத்தோன் அதைத் திருப்பிக் கட்டும்போது பொறித்த கல்வெட்டு சொல்கிறது: மர்துக் தேவன் பாபிலோன் பாழாய்க் கிடக்க 70 வருஷம் என்று பலகையில் எழுதியிருந்தான், பிறகு மனம் இரங்கி எண்ணைத் தலைகீழாக்கி 11 ஆக்கிவிட்டான். அசீரியரும் பாபிலோனியரும் எழுதிய ஆப்பெழுத்தில் 60க்கும் 1க்கும் ஒரே குறி. அதற்குப் பின் 10 என்ற குறி வந்தால் 70, முன்னால் வந்தால் 11. கோபித்த தேவன் ஒரு நகரத்துக்குக் கொடுக்கும் தண்டனை 70 வருஷம் என்பது எரேமியாவுக்கு முன்பே அந்த உலகத்தில் புழங்கிய பேச்சு.

தானியேலும் வெளிப்படுத்தின விசேஷமும் தனி உலகம். "காலமும் காலங்களும் அரைக்காலமும்" தானியேலில் இரண்டு தடவை, வெளிப்படுத்தலில் ஒரு தடவை. வெளிப்படுத்தலில் 42 மாதம் இரண்டு தடவை, 1,260 நாள் இரண்டு தடவை. மூன்றும் ஒரே அளவு: மூன்றரை வருஷம், மாதத்துக்கு 30 நாள். ஏழில் பாதி, அதாவது முடிவதற்குள் முறிந்துவிடும் காலம். எலியா காலத்து வறட்சியை லூக்காவும் யாக்கோபும் மூன்றரை வருஷம் என்கிறார்கள். 1 இராஜாக்கள் 18:1ல் "மூன்றாம் வருஷம்" என்று மட்டும்தான் இருக்கிறது. துன்ப காலத்துக்கு மூன்றரை என்பது அதற்குள் வழக்காகிவிட்டது.

இவற்றை நாளுக்கு ஒரு வருஷம் என்று பெருக்கித் தேதி குறித்தவர்கள் பட்ட பாடு வரலாற்றில் இருக்கிறது. தானியேல் 8:14ன் 2,300 இராப்பகலை 2,300 வருஷமாக்கி, கி.மு. 457லிருந்து எண்ணி, அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் இயக்கத்தார் 1844 அக்டோபர் 22ல் கிறிஸ்து வருவார் என்று காத்திருந்தார்கள். பயிரை அறுக்காமல் விட்டவர்கள்கூட உண்டு. மூலத்தில் அது "சாயங்காலம், காலை" என்றுதான் இருக்கிறது. தினமும் இரண்டு வேளைப் பலி நின்றுபோவதை எண்ணினால் 1,150 நாள்தான் என்று வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நாளுக்கு ஒரு வருஷம் என்ற விதிக்கு எண்ணாகமம் 14:34, எசேக்கியேல் 4:6 என்று இரண்டு வசனம் காட்டுவார்கள். இரண்டு இடத்திலும் அந்த விதி அந்த இடத்துக்கு மட்டுமே சொல்லப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

கடைசியாக 1,000 வருஷம். இதற்கு மட்டும் சுத்தமான கணக்குக் கொடுக்க முடியும். 66 புத்தகங்களில் ஒன்பது வசனத்தில் பத்துத் தடவை: சங்கீதம் 90:4, பிரசங்கி 6:6, 2 பேதுரு 3:8ல் இரண்டு, வெளிப்படுத்தல் 20ல் 2 முதல் 7 வரை வசனத்துக்கு ஒன்றாக ஆறு. தமிழில் தேடினால் பிரசங்கி கிடைக்காது. "ஆயிரம் வருஷம் இருமடங்கு" என்பதைப் பழைய மொழிபெயர்ப்பு "இரண்டாயிரம் வருஷம்" என்று கூட்டிக் கொடுத்துவிட்டது. முதல் மூன்று புத்தகங்களிலும் அது மனுஷனுக்கு எட்டாத நீளம் என்ற பொருளில்தான் வருகிறது. யாரும் அங்கே காலண்டர் கேட்பதில்லை. சண்டை எல்லாம் வெளிப்படுத்தல் 20ன் ஆறு வசனத்தைப் பற்றித்தான். இரண்டாம் நூற்றாண்டில் இரேனியு என்ற ஆயர் அதைப் பூமியில் நடக்கப்போகும் ஆட்சியாகவே எடுத்துக்கொண்டார். அகஸ்டின் அதைச் சபையின் காலம் என்று வாசித்தார். லூத்தரன்களின் 1530ம் ஆண்டு அவுக்ஸ்பர்க் அறிக்கை, உயிர்த்தெழுதலுக்கு முன் பக்தர்கள் பூமியில் ராஜ்யம் ஆள்வார்கள் என்ற போதனையை மறுக்கிறது. அதனால் தரங்கம்பாடி வழியில் வந்த லூத்தரன் சபையில் ஒரு பதிலும், பக்கத்துத் தெருப் பெந்தெகொஸ்தே சபையில் வேறு பதிலும் உங்களுக்குக் கிடைக்கும். என்னைக் கேட்டால், ஏழு தலை, பத்துக் கொம்பு, திறவுகோல், சங்கிலி எல்லாவற்றையும் அடையாளமாக வாசிக்கிற ஒரு புத்தகத்தில் எண்ணை மட்டும் அப்படியே எடுக்கக் காரணம் தெரியவில்லை. உங்கள் சபையில் வேறு மாதிரிச் சொன்னால் 2 பேதுரு 3:8க்கு அவர்கள் என்ன விளக்கம் கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.